கடைசிக் கோட் அடித்தவர் பெயர்

முதல் அநீதி ஓமலூர் ரோட்டில் நடந்தது. ஒரு பல் டாக்டரின் புது வீடு. இன்டீரியர் டிசைனர் என்று கறுப்புச் சட்டையில் ஒரு தம்பி வந்தார். மூன்றாவது கோட் காய்ந்த பிறகு தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். "செவுரு ரொம்பப் பேசுதுங்கண்ணா. அமைதியா இருக்கோணும்" என்றார். பெயிண்டர் நாச்சிமுத்து சுவரில் காது வைத்துக் கேட்டார். அது ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் நான்காவது கோட், ஐந்தாவது கோட் என்று அடித்து அதன் வாயை அடைத்தார்.

இரண்டாவது அநீதி ஆத்தூரில். சிமெண்டு தெரியாமல் மறைப்பதற்காக நாற்பது வருடம் தொழில் செய்தவரை, சுவரைச் சிமெண்டு மாதிரியே தெரியும்படி அடிக்கச் சொன்னார்கள். அதுதான் இப்போது ஃபேஷனாம். அடித்தார். வீட்டுக்காரரின் அப்பா வந்து பார்த்துவிட்டு, "வேலையைப் பாதியிலே போட்டுட்டு எங்கய்யா ஓடறே?" என்று தெருமுனை வரைக்கும் துரத்தினார். காப்பாற்ற வேண்டிய டிசைனர் அந்த நேரம் பார்த்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாமக்கல்லில். முடிந்த வீட்டைப் போட்டோ எடுத்தார்கள். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்கள். தள்ளினார். "இன்னும் கொஞ்சம்." தள்ளினார். தள்ளித் தள்ளிக் காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டில் நின்றார். அப்படியும் அவருடைய நிழல் ஒரு சுவரில் விழுந்துவிட்டது. அதையும் போனிலேயே விரலால் தேய்த்து அழித்தார்கள்.

நான்காவது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். இதுதான் மன்னிக்க முடியாதது. புதுமனை புகுவிழா அன்று, வீட்டைக் கட்டியவர்களை மைக்கில் பெயர் சொல்லி அழைத்து வேட்டி துண்டு கொடுத்தார்கள். இன்ஜினியர் பெயரைப் படித்தார்கள். கொத்தனார் பெயர், ஆசாரி பெயர், டைல்ஸ் ஒட்டியவர் பெயர், பிளம்பர் பெயர். டிசைனர் பெயரை இரண்டு முறை. பந்தல் போட்டவர், சமையல்காரர் வரைக்கும் வந்தார்கள். பெயிண்ட் கம்பெனியின் பெயரைக்கூடப் படித்தார்கள். பெயிண்டர் பெயரைப் படிக்கவில்லை.

நாச்சிமுத்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, தான் அடித்த சுவரைப் பார்த்தபடியே, பாயசத்தில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அன்று அவர் ஒரு தீர்மானம் போட்டார். அடுத்து எந்த வீட்டில் டிசைனர் இருந்தாலும், விழாவில் பெயிண்டர் பெயரை மைக்கில் படிப்பதாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாத வீட்டில் பிரஷ் நகராது. ராசிபுரம் வட்டார வர்ணம் பூசுவோர் உரிமைச் சங்கம் இதை ஒருமனதாக நிறைவேற்றியது. சங்கத்தில் பதினேழு பேர். கூட்டத்துக்கு வந்தது தலைவர் நாச்சிமுத்துவும் செயலாளர் பொன்னனும். இருவருக்கும் ஒரே மனது.

அடுத்த வீடு தானாகவே வந்தது. ராசிபுரத்துக்கு வெளியே, நாமக்கல் ரோட்டில், கோழிப்பண்ணை மருதாசலம் கட்டிய மாடி வீடு. டிசைனர் சேலத்துப் பெண் தனப்பிரியா. வெளிச்சுவர் முடிந்தது. உள்ளே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நாச்சிமுத்து தன் கையாலேயே முதல் கோட்டும் அடித்தாயிற்று. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பத்திரிகை கொடுத்து முடித்திருந்தார்கள். தேதியை நகர்த்த முடியாது. அடிக்க வேண்டிய நேரம் இதுதான். சுவரை அல்ல.

ரோலரைக் கீழே வைத்துவிட்டு, சங்கத்தின் நிபந்தனையைச் சொன்னார் நாச்சிமுத்து.

"ஏனுங்கண்ணா, பேருதானே?" என்றாள் தனப்பிரியா. "நான் வேணா இன்ஸ்டாவுல போடறேன். ஊரே பாக்கும்."

"என்ற போன் பட்டன் போன் அம்முணி. என்னால பாக்க முடியாத பேரு எனக்கெதுக்கு?"

"மைக்கில படிக்கறது வீட்டுக்காரரோட இஷ்டங்கண்ணா."

"படிக்கற லிஸ்டை எழுதறது யாரு?"

தனப்பிரியா தயங்கினாள். "நான்தான்."

"அப்ப நீதான்."

மருதாசலம் வந்தார். விஷயத்தைக் கேட்டார். சிரித்தார். "நாச்சிமுத்து, என்ற பண்ணையிலே இருபதாயிரம் கோழி முட்டை வெக்குது. நான் கோழி பேரையெல்லாம் படிச்சிட்டா இருக்கறேன்?"

"கோழிக்குச் சங்கம் இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து. ஏணியையும் சாரத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்தார். எதிரில் இருந்த வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். போராட்டம் தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் செய்தியைச் சொன்னார். மனைவி சௌந்திரம் வாளியில் கலர் கலந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு கதவுக்கான கலர். முப்பத்திரண்டு வருடமாக நாச்சிமுத்து அடிக்கிற கலரை எல்லாம் கலப்பது அவள்தான். எத்தனை சொட்டு ஸ்டெய்னர் விட்டால் சந்தனம் வரும், எத்தனையில் மஞ்சளாகிக் கெட்டுப்போகும் என்பது அவள் கண்ணுக்குத் தெரியும். குழம்புக்கு உப்புப் போடுகிற கைதானே என்று நாச்சிமுத்து அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

"பேரு படிச்சாங்கன்னா, அதுல என்ற பேரும் வருங்களா?" என்று கேட்டாள்.

நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "ஊட்டுத் தலைவன் பேரைப் படிச்சா ஊட்டையே படிச்ச மாதிரி புள்ள."

"அப்பிடீங்களா" என்றாள் சௌந்திரம்.

அவள் 'அப்பிடீங்களா' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. நாச்சிமுத்து அதைக் கவனித்ததே இல்லை. பெரிய பெரிய அநீதிகளைக் கவனிப்பவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?

இரண்டாம் நாள் பொன்னன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். "தலைவரே, மருதாசலம் வெளியூர் ஆளுங்களை இறக்கப் போறாராம். தீனதயாளன்கிட்டப் பேசிட்டாராம்."

தீனதயாளன் என்றால் சட்டையில் ஒரு சொட்டுப் பெயிண்ட் படாத காண்ட்ராக்டர். வேலை செய்பவன் ஒருவன், போட்டோவில் நிற்பவர் அவர். அவர் ஆட்கள் உள்ளே நுழைந்தால் போராட்டம் அன்றோடு சரி. பெயர் இந்த வீட்டில் மட்டுமல்ல, இனி எந்த வீட்டிலும் கிடையாது.

காலைச் சாப்பாடு கொண்டுவந்த சௌந்திரம் எல்லாவற்றையும் கேட்டாள். "யாரும் வர மாட்டாங்க. நான் உள்ளே போய்ப் பேசறேனுங்க."

"நீயா?"

"பொம்பளைக்குப் பொம்பளை பேசினா தீந்துபோயிரும். மயிலம்மாளையும் அங்கம்மாளையும் கூட்டிட்டுப் போறேன்."

மயிலம்மாள் பொன்னனின் மனைவி. அங்கம்மாள் அவளுடைய அக்கா. நாச்சிமுத்து யோசித்தார். சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்தார். 'இம்மூவரும் மகளிர் பேச்சுவார்த்தைக் குழுவாக நியமிக்கப்படுகிறார்கள். உள்ளே இவர்கள் செய்வதனைத்தும் சங்கம் செய்ததாகவே கருதப்படும்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

குழு காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே வந்தது.

"எட்டு மணி நேரமா பேசினே?"

"ஆமாங்க."

"அந்த அம்முணி என்ன சொல்றா?"

"கேட்டுட்டிருக்கறா."

நாச்சிமுத்து பொன்னனைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ற சம்சாரம் எட்டு மணி நேரம் பேசினா இரும்புக் கதவே இளகிப்போகும். இவ எந்த மூலைக்கு?"

அன்றோடு தீனதயாளன் பேச்சு நின்றது. வெளியூர் ஆட்கள் வரவில்லை. நாச்சிமுத்து மரத்தடியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சுவார்த்தை தினமும் நடந்தது.

நான்காம் நாள் சௌந்திரம் தலையெல்லாம் வெள்ளையாக வந்தாள்.

"ஏம்புள்ள, இப்பிடி நரைச்சுப்போச்சு?"

"எட்டு மணி நேரம் பேச்சுவார்த்தைங்க. உங்களுக்கென்ன, நெழல்ல உக்காந்திருக்கறீங்க."

நாச்சிமுத்துவுக்கு மனது இளகியது. துண்டால் அவள் தலையைத் துடைத்தார். தும்மல் வந்தது.

ஐந்தாம் நாள் ஜன்னல் வழியாக ஒரு சத்தம். சரக், சரக், சரக். சுவரில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் மாதிரியே இருந்தது.

"உள்ளே என்ன சத்தம்?" என்று மதியம் கேட்டார்.

"அந்த அம்முணி பல்லைக் கடிக்கறா."

"நல்லாக் கடிக்கட்டும்!"

ஆறாம் நாள் பெயிண்ட் வாசம் வந்தது. பொன்னன் மூக்கை உறிஞ்சினான். "தலைவரே, புதுக் கோட் வாசமாட்ட இருக்குதே."

"நாப்பது வருசமா நம்ம மூக்குல ஏறின வாசம்டா. சுடுகாட்டுக்குப் போனாலும் கூடவே வரும்."

"என்ற சம்சாரம் கையெல்லாம் வெள்ளையா வர்றாளுங்க."

"பேச்சுவார்த்தைன்னா சும்மாவா? சாக்பீஸ்லே எழுதி எழுதி வெளக்கறாங்க."

ஏழாம் நாள் சௌந்திரம் ஒரு வெற்றியோடு வந்தாள். "ஏனுங்க, இனிமே அட்டையைப் பாத்துக் கலர் சொல்ல மாட்டாங்களாம். ஏசி ரூம்ல பாக்கற கலரு வேற, மேக்க பாத்த செவுத்துல நாலு மணி வெயிலுக்குத் தெரியற கலரு வேறன்னு ஒத்துக்கிட்டாங்க. செவுத்துலயே ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு, காலையில ஒருக்கா, அந்தியில ஒருக்கா ரெண்டு பேரும் பாக்கோணும். ரெண்டு பேரும் அதுமேலயே பென்சில்ல கையெழுத்துப் போட்டாத்தான் மேக்கொண்டு அடிக்கோணும். அப்பறம் மாத்தச் சொல்லக் கூடாது."

நாற்பது வருடத்தில் எந்த டிசைனரும் பெயிண்டரிடம் இப்படி இறங்கி வந்ததில்லை. "எப்பிடி ஒத்துக்க வெச்சே?"

"காமிச்சேன்."

"என்னத்தை?"

"நம்ம பக்கத்து நாயத்தை."

"பிடிவாதம் பிடிச்சாளா?"

"மொதல்ல பிடிச்சா. நான் சொல்ற கலர் வேண்டாம்னா. அவ சொன்னதும் பக்கத்துலயே இருக்கட்டும், பொழுது எறங்கற வரைக்கும் பொறு கண்ணுன்னேன். எறங்குச்சு. பாத்தா. 'அக்கா, நீங்க சொல்றதுதான் சரி'ன்னுட்டா. அடுத்த செவுத்துல அவ சொன்னது சரி. நானும் ஒத்துக்கிட்டேன்."

"நீ ஏன் ஒத்துக்கறே? போராட்டத்துல விட்டுக்குடுக்கக் கூடாது!"

"நல்லா இருந்துதுங்க" என்றாள் சௌந்திரம்.

அவள் முழங்கையில் இளம்பச்சையாக ஒரு தீற்று இருந்தது. நாச்சிமுத்து பார்த்தார். "இது என்ன?"

"செவுத்துல சாஞ்சு பேசினனுங்க."

அவர் சுவரில் அடித்த முதல் கோட் வெள்ளை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது அவர் மனதில் மேற்படி வெற்றியைப் பற்றிய துண்டறிக்கையின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது. முதல் வரி ஓடும்போது முழங்கை யார் கண்ணுக்குத் தெரியும்?

பதினொன்றாம் நாள். மறுநாள் காலை விழா. மாலை நான்கு மணிக்கு சௌந்திரம் வெள்ளைத் தாளும் பேனாவுமாக மரத்தடிக்கு வந்தாள். பின்னால் தனப்பிரியாவும் வந்தாள். அவள் முகம் சோர்ந்திருந்தது. ஆனால் தோற்றவள் முகமாகத் தெரியவில்லை. அது நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"பேரைப் படிக்கறோங்கண்ணா" என்றாள் தனப்பிரியா. "மருதாசலம் ஐயாவும் ஒத்துக்கிட்டார்."

பொன்னன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. நாச்சிமுத்து துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

"ஆனா யாரு பேரைப் படிக்கறதுன்னு கச்சிதமா எழுதிக் குடுக்கோணுமாம்" என்றாள் சௌந்திரம். "அப்பறம் தீனதயாளன் மாதிரி எவனாச்சும் குறுக்கே வந்து, நான்தான் பெயிண்டர்னு நின்னுட்டா? எழுத்துல நீங்க புலியாச்சே. நீங்களே எழுதுங்க."

புலி பேனாவை வாங்கியது. யோசித்தது. அந்த உள்சுவரில் கடைசியாகக் கை வைத்த பெயிண்டர் யார்? சாட்சாத் நாச்சிமுத்து. அதற்கப்புறம் அங்கே யார் பிரஷ் தூக்கினார்கள்? பேச்சுவார்த்தைதானே நடந்தது? எனவே ஓட்டையில்லாமல் எழுதினார்:

'இவ்வீட்டின் உட்சுவர்களில் கடைசிக் கோட்டைத் தன் கையால் அடித்தவர் எவரோ, அவர் பெயரை, உற்றார் உறவினர் சாட்சியாக, மைக்கில் தெளிவாகப் படிக்க வேண்டும். காண்ட்ராக்டர், மேஸ்திரி, சங்கத் தலைவர் என எந்தப் பதவியும் அந்தப் பெயரின் குறுக்கே வரக் கூடாது.'

"சங்கத் தலைவருமா?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"தலைவன்னு படிச்சா அது நாக்காலிக்குக் கெடைச்ச மரியாதை. பெயிண்டர்னு படிச்சாத்தான் கைக்குக் கெடைச்ச மரியாதை. நாளைக்கு எவனும் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசக் கூடாது புள்ள."

"அப்பிடீங்களா" என்றாள் சௌந்திரம். "கையெழுத்துப் போடுங்க."

போட்டார். பொன்னன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். தனப்பிரியா போட்டாள்.

"நாளைக்கு விழாவாச்சே, செவுரு ஒரு கோட்டோட நிக்குதே?" என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"அது அவங்க பாடுங்க. நமக்கு வேண்டியது பேரு."

உண்மைதான். அரைகுறைச் சுவரோடு விழா நடக்கட்டும். பெயிண்டர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஊர் பார்க்கட்டும்.

மறுநாள் காலை நாச்சிமுத்து சலவை வேட்டியில் வந்தார். வரலாறு நடக்கும்போது சாட்சி வேண்டும் அல்லவா? சங்கத்தின் மீதிப் பதினாறு பேரையும் திரட்டிக் கூட்டி வந்திருந்தார். கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லாம் பந்தி என்றதும் வந்திருந்தார்கள். பந்தலில் முதல் இரண்டு வரிசையை வளைத்துப்போட்டார்.

"உள்ளே வந்து பாலு குடிங்க" என்று மருதாசலமே கூப்பிட்டார்.

"பேரைப் படிக்காத ஊட்டுக்குள்ளே கால் வெக்க மாட்டனுங்க."

பால் காய்ச்சிக் குடித்துவிட்டு வெளியே வந்தவர்கள் எல்லாம் ஒன்றையே பேசினார்கள். "செவுத்தைப் பாத்தீங்களா? தொட்டா பட்டுத் துணியாட்ட இருக்குது." "அந்த இளம்பச்சை, கண்ணுக்கு எத்தனை குளிர்ச்சி!" "மூலையெல்லாம் நூல் புடிச்ச மாதிரி!"

நாச்சிமுத்து பொன்னன் பக்கம் சாய்ந்தார். "என்ற முதல் கோட்டுக்கே இப்பிடின்னா பாத்துக்க."

"இளம்பச்சைங்கறாங்களே தலைவரே?"

"மாவிலைத் தோரணம். அது செவுத்துல அடிக்குதுடா. வெள்ளைச் செவுத்துக்கு அந்தக் குணம் உண்டு."

மைக் உறுமியது. தனப்பிரியா பட்டுப்புடவையில் மேடையேறினாள். கையில் லிஸ்ட் இருந்தது. இன்ஜினியர் வந்தார், வேட்டி துண்டு வாங்கினார். கொத்தனார் வந்தார். ஆசாரி வந்தார். டைல்ஸ், எலக்ட்ரிக், பிளம்பிங் எல்லாம் வந்து போனார்கள். நாச்சிமுத்துவின் நெஞ்சு மைக்கை விடச் சத்தமாக அடித்தது.

"இப்ப, மயிலம்மாள் அக்காவும் அங்கம்மாள் அக்காவும் மேடைக்கு வரணும்."

பொன்னன் துள்ளினான். "தலைவரே, அது என்ற சம்சாரம்!"

"கம்முனு இருடா. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு நன்றி சொல்றாங்க. மரியாதை தெரிஞ்ச புள்ள."

இரண்டு பேருக்கும் சேலை கொடுத்தார்கள். கைதட்டினார்கள். நாச்சிமுத்துவும் பெருந்தன்மையாகத் தட்டினார்.

"அடுத்து" என்றாள் தனப்பிரியா. "எங்க தொழில்ல இது முதல் தடவை. நாங்க டிசைனருங்க, அட்டையைக் காட்டிட்டுப் போயிடுவோம். அந்தக் கலரைச் சுவத்துல நிக்க வைக்கறவங்க பேரு எங்களுக்கே தெரியாது. அது தப்புன்னு இந்தப் பத்து நாள்ல கத்துக்கிட்டேன். இனி நான் செய்யற எல்லா வீட்டுலயும் பெயிண்டர் பெயரைப் படிப்பேன். பெயிண்டர் சங்கத் தலைவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கிறேன்."

வாசித்தாள். ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். கடைசிக் கோட்டைத் தன் கையால் அடித்தவர் எவரோ. உற்றார் உறவினர் சாட்சியாக. எந்தப் பதவியும் குறுக்கே வரக் கூடாது. பந்தலில் இருந்த நானூறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சங்கத்தின் பதினாறு பேரும் விசில் அடித்தார்கள். பின்வரிசையில் இருந்த டைல்ஸ்காரர்கூட எழுந்து நின்று தட்டினார். நாற்பது வருடம்! ஓமலூர் ரோடும் ஆத்தூரும் நாமக்கல்லும் செவ்வாய்ப்பேட்டையும் இன்றோடு செத்தன. நாச்சிமுத்து எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். துண்டை இடுப்பில் கட்டுவதா தோளில் போடுவதா என்று ஒரு கணம் குழம்பி, தோளிலேயே போட்டார். ஒரு தலைவன் நடக்க வேண்டிய நடையில் நடந்தார். மேடைப் படியில் வலது காலை எடுத்து வைத்தார்.

"இந்த வீட்டோட பெயிண்டர்" என்று தனப்பிரியா நிறுத்தி, தாளைப் பார்த்து, நானூறு பேர் சாட்சியாகத் தெளிவாகப் படித்தாள்:

"சௌந்திரம்."